என் சம்மதத்தைத் தின்ற வைஃபை

என் கணவரைப் பற்றி அவர் வீட்டாரிடம் நான் முதன்முதலில் அதிகாரபூர்வமாகச் சொன்ன வார்த்தை, "பிடிக்கல." அதைச் சொல்லிவிட்டு வாயெல்லாம் பல்லாக நின்றேன் என்பதுதான் அவர்களை அதிகம் புண்படுத்தியது என்று பிறகு தெரிந்தது.

நான் அப்படிச் சொல்லவில்லை. அதாவது, சொன்னேன், ஆனால் அதோடு நிறுத்தவில்லை. தமிழில் ஒரு வசதி உண்டு. வாக்கியத்தை எதிர்மறையாகவே நடத்திக்கொண்டு போய், கடைசியில் ஒரு "ன்னு சொன்னா பொய்" சேர்த்து மொத்தத்தையும் கவிழ்த்துவிடலாம். அந்தக் கடைசித் துண்டு போய்ச் சேரும்வரை எதிராளி காதைக் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர்கள் காதைக் கொடுத்துத்தான் இருந்தார்கள். துண்டுதான் போய்ச் சேரவில்லை.

இதில் இன்னொரு வெட்கக்கேடு, என் தொழில். அடையாறில் ஒரு காது பரிசோதனை மையத்தில் வேலை. ஆளைக் கூண்டு மாதிரி ஓர் அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, "கேக்குதா? இப்ப கேக்குதா?" என்று நாள் முழுதும் கேட்கிறவள். ஊருக்கெல்லாம் காது சோதிக்கிற நான், என் வாழ்க்கையிலேயே முக்கியமான போன் பேச்சில் ஒரே ஒரு தடவை "கேக்குதா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. (அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, லீவு.)

அப்போது எங்கள் வீடு மயிலாப்பூரில், மாடவீதியிலிருந்து பிரிகிற ஒரு தெருவில், முதல் மாடி. கீழே ஒரு டெலிபோன் கம்பெனியின் ஷோரூம். அப்பா, அம்மா, நான், மூன்று பேர் போனும் அந்தக் கம்பெனிதான். "கீழயே ஷோரூம் இருக்கு, ஏதாவது பிரச்சினைன்னா படி இறங்கினா போதும்" என்று எல்லோரையும் குடும்பத் திட்டத்தில் சேர்த்துவிட்டவள் நான். "இந்தக் காலத்துல யாருப்பா லேண்ட்லைன் வெச்சுக்கறாங்க?" என்று அப்பாவின் பழைய லேண்ட்லைனைப் பிடுங்கி எறிய வைத்தவளும் நானே. இந்த இரண்டையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்பா இன்றுவரை வைத்திருக்கிறார்.

அந்தத் திட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. கம்பெனி ஊரெங்கும் வைஃபை பெட்டிகளை மாட்டி வைத்திருக்கும். அதன் பக்கத்தில் போனால் நம் போன் தானாகவே அதோடு சேர்ந்துகொள்ளும். பாஸ்வேர்டு வேண்டாம், நம்மைக் கேட்கவும் வேண்டாம். சிம் கார்டே பேசி முடித்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படி ஒரு வெள்ளைப் பெட்டியை எங்கள் பால்கனிக்கு இரண்டு முழம் கீழே, சுவரில் அறைந்திருந்தார்கள். போனில் எல்லாக் கோடும் பளிச்சென்று நிற்கும். ஆனால் அந்தக் கோடுகளுக்குப் பின்னால் இன்டர்நெட் பாதி நேரம் இருக்காது. வீட்டுக்குள் எங்கள் சொந்த வைஃபை ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். என் போனோ அதை உதறிவிட்டு அந்தப் பெட்டியோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

மற்ற வைஃபைகளுக்கெல்லாம் போனில் "மறந்துவிடு" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. இதற்கு மட்டும் இல்லை. அந்த இடத்தில், "இந்த நெட்வொர்க்கை உங்கள் சேவை நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று ஒரு வரி. வைஃபையையே அணைத்துப் போட்டால் சற்று நேரத்தில் அதுவாக முழித்துக்கொள்ளும். சாதாரண போன் கால் பேசலாம் என்றால், அதையும் அந்த வைஃபை வழியாகத்தான் அனுப்புவேன் என்று அடம் பிடிக்கும். போன் என்னுடையது, பில் கட்டுகிறவள் நான், ஆனால் அது யாரோடு சேர வேண்டும் என்று தீர்மானிப்பவர் எங்கேயோ உட்கார்ந்திருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த நேரத்தில்தான் முரளி பெண் பார்க்க வந்தார்.

திருவான்மியூர்க்காரர். லிஃப்ட் பராமரிப்பு இன்ஜினியர். அப்பா, அம்மாவோடு வந்தார். அவருடைய அம்மா ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா நிறைய, தன் கையால் செய்த தேங்காய் பர்பி கொண்டு வந்திருந்தார். சம்பிரதாயங்கள் முடிந்து, "நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் தனியா பேசுங்க" என்று எங்களைப் பால்கனிக்கு அனுப்பினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. கோடம்பாக்கத்தில் ஏதோ அடுக்குமாடியில் லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க கீழ விழ மாட்டீங்க, நான் சொல்றேன். தரையில உக்காருங்க. கூட யாரு, ஒய்ஃபா? நல்லதாப் போச்சு. சண்டையை வெளிய வந்து வெச்சுக்கலாம். நான் லைன்லயே இருக்கேன், வெக்க மாட்டேன்."

மெக்கானிக் வந்து கதவைத் திறக்கும்வரை பதினோரு நிமிடம் அந்த முகம் தெரியாத மனிதரோடு பேசிக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் திரும்பி, "ஸாரிங்க, நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க" என்றார். சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. நான் அதற்குள் முடிவெடுத்துவிட்டேன். (அதே பால்கனியில் அவர் போன் பதினோரு நிமிஷம் கட்டாகாம இருந்துச்சு. அவர் வேற கம்பெனி. மண்டையில உறைச்சிருக்கணும். உறைக்கல.)

அடுத்த ஞாயிறு பதில் சொல்வதாக ஏற்பாடு. அவர்களுக்கு வேலூரிலிருந்து இன்னொரு ஜாதகமும் பொருந்தி வந்திருந்தது. "நீங்க வேண்டாம்னா நாங்க அன்னிக்கே அவங்களுக்குச் சொல்லணும், பாவம் காத்திட்டிருக்காங்க" என்று முரளியின் அப்பா வெளிப்படையாகவே சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஞாயிறு நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதனால் நான்கு மணிக்குப் பேச வேண்டும்.

அப்பா, "ரெண்டே வார்த்தைம்மா. நானே சொல்லிடறேன்" என்றார்.

"அதெல்லாம் வேண்டாம். கட்டிக்கப் போறவ நான். பதிலை நான்தான் சொல்வேன். என் முடிவை இன்னொருத்தர் எதுக்கு எடுத்துட்டுப் போகணும்?"

அம்மா சமையலறையிலிருந்தே, "சொல்றதை ஒழுங்கா சொல்லு. வழக்கம் போல சுத்தி வளைக்காத" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வெறுமனே "பிடிச்சிருக்கு" என்று சொல்ல நான் என்ன கடையில் சுடிதாரா பார்த்தேன்? இரண்டு நாள் யோசித்து ஒரு வாக்கியம் தயாரித்தேன். கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் குறும்பு, கடைசியில் ஒரு திருப்பம்.

மணி நான்கு. மேலே பட்டுக் குர்த்தா, காதில் ஜிமிக்கி, தலையில் பூ. கீழே பூனைப் படம் போட்ட பழைய நைட் பேண்ட். (வீடியோ கால்தானே, கீழ யாரு பாக்கப் போறா?) கூடத்தில் அப்பாவும் அம்மாவும் சோபாவில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால், பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்தப் பெட்டிக்கு நேர் மேலே.

முரளியின் போனில் அவருடைய அம்மா வந்தார். பின்னால் சுவர்க்கடிகாரம், பக்கத்தில் பாதி முரளி.

"என்னம்மா, யோசிச்சியா? தயங்காம சொல்லு."

"எனக்கு உங்க பையனைப் பிடிக்கலன்னு சொன்னா, அது பொய் ஆன்ட்டி" என்றேன்.

அந்த அம்மாள் வாயை லேசாகத் திறந்து அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன். உற்சாகம் தாங்கவில்லை. "அப்புறம் நீங்க கொண்டு வந்த தேங்காய் பர்பி இருக்கே, எங்கப்பா இருக்கற வீட்ல ஒரு துண்டுகூட வாயில வைக்க முடியல, எல்லாத்தையும் அவரே காலி பண்ணிட்டார்!" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் கண்கூட இமைக்கவில்லை. நெகிழ்ச்சி கொஞ்சம் அதிகம்தான் என்று தோன்றியபோது, அவருக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். விநாடி முள் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

நான் இரண்டு நிமிடமாக ஒரு போட்டோவோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெட்டிக்கு நடுநடுவே ஒரு மூச்சு இன்டர்நெட் வரும்; என் பேச்சில் ஒன்றிரண்டு துண்டு அந்தப் பக்கம் போய் விழுந்ததும் அப்படித்தான். அப்படி ஒரு மூச்சில் முரளியின் மெசேஜ் வந்தது. "பரவாயில்லைங்க. சுத்தி வளைக்காம நேரா சொன்னதுக்கு நன்றி. பர்பி வாயில வைக்க முடியலன்னு சொன்னதுதான் அம்மாவுக்குக் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு."

வாழ்க்கையில் முதல் முறையாக ஒருவர் என்னை, சுற்றி வளைக்காதவள் என்று பாராட்டியிருக்கிறார்!

"ஐயோ இல்லங்க" என்று அடித்து அனுப்பினேன். போகவில்லை. பக்கத்தில் ஒரு குட்டிக் கடிகாரம் உட்கார்ந்துகொண்டது. போன் செய்தேன். கால், பெட்டி வழியாகத்தான் போவேன் என்று கிளம்பிப் பாதியில் செத்தது. வைஃபையை அணைத்தேன்; நம்பரைத் தேடுவதற்குள் முழித்துக்கொண்டது. கூடத்துக்கு ஓடினேன். சமையலறைக்கு ஓடினேன். பெட்டி என்னை விடவில்லை. கோடுகள் மட்டும் முழுசாக நின்றன. அப்பாவின் போன், அம்மாவின் போன், இரண்டும் குடும்பத் திட்டம். இரண்டும் அதே பெட்டியோடு கொஞ்சிக்கொண்டிருந்தன.

நான் அழுகிற நிலையில் நிற்க, அப்பா நிதானமாகக் கேட்டார். "லேண்ட்லைன்ல பண்ணிப் பாக்கலாமா?" பிறகு, "ஓ, நம்ம வீட்லதான் இல்லையே" என்றார். அவரை அன்றைக்கு மன்னித்துவிட்டேன். அதே வசனத்தை இத்தனை வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மூளை உள்ள யாரும் என்ன செய்வார்கள்? தெருவில் நூறடி நடந்து, அந்தப் பெட்டியின் பிடியிலிருந்து விலகி, பேசுவார்கள். நான் என்ன செய்தேன்? படியிறங்கி நேராகக் கம்பெனி ஷோரூமுக்குள்ளேயே புகுந்தேன். பூனைப் பேண்டோடு.

நீலச் சட்டை போட்ட பெண் ஒருத்தி, "டோக்கன் எடுத்துக்கோங்க மேடம்" என்றாள். கடையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

"டோக்கன் எதுக்குங்க? நான் ஒருத்திதானே நிக்கறேன்?"

"சிஸ்டம் கேக்கும் மேடம்."

எடுத்தேன். அவளே என் எண்ணை அழைத்தாள். நான் அவளுக்கு நேர் எதிரில் நின்றுகொண்டு கையைத் தூக்கினேன்.

"இந்த வைஃபைல என் போன் சேரக் கூடாதுங்க. எடுத்து விடுங்க."

அவள் என் போனை வாங்கிப் பார்த்தாள். "ஃபுல் சிக்னல் காட்டுதே மேடம்?"

"அதுதாங்க பிரச்சினையே!"

"இது உங்க வசதிக்காகக் கம்பெனியே பண்ணிக் கொடுக்கறது மேடம். கஸ்டமர் கையில இல்ல."

"எனக்கு அந்த வசதி வேண்டாம்னு சொல்றேன். என் கல்யாணம் நின்னு போச்சுங்க!"

அவளுக்கு நிஜமாகவே பாவமாக இருந்திருக்க வேண்டும். கணினியில் என்னவோ தட்டினாள். "வேண்டாம்னு கம்ப்ளெயின்ட் போட்டிருக்கேன் மேடம். உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும், சொல்லுங்க" என்றாள். நாங்கள் இருவரும் என் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஓடிபி வரவில்லை. அந்தப் பெட்டி அதையும் தின்றுவிட்டது.

மணி நாலு இருபத்தைந்து. வெளியே வந்து முதலில் கண்ணில் பட்ட ஆட்டோவில் ஏறி, "திருவான்மியூர்" என்றேன். ஓட்டுநர் நடுத்தர வயதுக்காரர். கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஜிமிக்கியைப் பார்த்தார். பேண்டைப் பார்த்தார்.

"இன்னா மேடம், மூஞ்சி ஒரு மாதிரி கீது? வூட்ல ஏதாச்சும் சண்டையா?"

வண்டி மந்தைவெளியைத் தாண்டுவதற்குள் முழுக்கதையையும் கொட்டிவிட்டேன். போன் இப்போது பெட்டியை விட்டு விலகியிருந்தது, உண்மை. ஆனால் இருந்த கொஞ்ச நஞ்ச சார்ஜையும் அது இத்தனை நேரம் தேடித் தேடியே தீர்த்திருந்தது. அடையாறு பாலத்தின் மேல், நம்பரை எடுத்துக் காதில் வைத்த நொடியில், திரை இருண்டது.

"இதுக்கா இப்டி ஃபீல் பண்ணிக்கினு வர? இந்தா, என் போன்ல பேசு" என்று பின்னால் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். விரல் திரை மேலேயே நின்றது. முரளியின் நம்பர் எனக்குத் தெரியாது. யார் நம்பர்தான் தெரியும்? யோசித்துப் பார்த்ததில் எனக்கு மனப்பாடமாக இருந்தது ஒரே ஒரு நம்பர். பிடுங்கி எறிந்த எங்கள் லேண்ட்லைன்.

"நம்பர் தெரியாது அண்ணே" என்றேன்.

"அட இன்னா மேடம் நீ! நம்பர்கூடத் தெரியாமயா அந்த ஆளக் கட்டிக்கப் போற?" என்று சொல்லிவிட்டு வண்டியை விரட்டினார். எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. வேலூர்க்காரர்களுக்கு இந்நேரம் சொல்லியிருப்பார்கள். அங்கே ஒரு புத்திசாலிப் பெண் "பிடிச்சிருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பாள்.

கோயிலுக்குப் பின்னால் இரண்டாவது தெரு; பெண் பார்க்க வந்த அன்று அவர்களே சொன்ன அடையாளம். அழைப்பு மணியை விடாமல் அழுத்தினேன். கதவைத் திறந்தது முரளியின் அம்மா. நான் மூச்சு வாங்க, சோதனை அறைக்குள் இருக்கிறவரிடம் கத்துகிற அதே குரலில், "ஆன்ட்டி! நான் சொன்னது பாதிதான் வந்திருக்கு! எனக்குப் பிடி..." என்று தொடங்கினேன்.

அவர் பாய்ந்து என் வாயைப் பொத்தினார்.

"ராகு காலம்மா! மணி அஞ்சு ஆகப் போகுது. நல்லதோ கெட்டதோ, எதுவா இருந்தாலும் ஆறு மணிக்கு மேல சொல்லு. உள்ள வா."

கூடத்தில் முரளியின் அப்பா கையில் போனோடு உட்கார்ந்திருந்தார். வேலூர்க்காரர்களின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு, அவரும் ஆறு மணிக்குத்தான் காத்திருந்தார். மூக்குக் கண்ணாடியைத் தேடியதில் நாலரை தாண்டிவிட்டதாம். இல்லையென்றால் அப்போதே பேசியிருப்பாராம். அந்தக் கண்ணாடி எங்கே ஒளிந்திருந்ததோ, அந்த இடத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

முரளி அறையிலிருந்து வந்தார். என்னைப் பார்த்தார். பூனைகளைப் பார்த்தார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"பிடிக்கலன்னு சொல்றதுக்கு இவ்வளவு தூரம் நேர்லயா வந்தீங்க?"

"இல்ல, அது வந்து..."

"ஆறு மணிக்கு மேல!" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

இப்படியாக, ஒரு மணி நேரத்துக்கும் மேல், சொல்ல வேண்டிய ஒரே ஒரு விஷயத்தைத் தவிர மற்றதெல்லாம் பேசினோம். வெயில், தண்ணீர் லாரி, திருவான்மியூர்க் கொசு. நடுவில் அந்த அம்மாள் முறைத்துக்கொண்டே ஒரு தட்டு தேங்காய் பர்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வாயால் சொல்லத்தான் தடை. வாயில் போடத் தடையில்லையே. ஒன்பது துண்டு தின்றேன். ஏழாவது துண்டில் அவர் முகம் இளகியது. ஒன்பதாவதில், "போதும்மா, வயித்துக்கு ஆகாது" என்று அவரே தட்டை எடுத்துக்கொண்டார்.

மணி ஆறு அடித்து, பத்திரத்துக்கு இன்னும் இரண்டு நிமிடம் விட்டு, "இப்ப சொல்லு" என்றார்.

அந்த அருமையான வாக்கியம் நினைவுக்கு வந்தது. விழுங்கிவிட்டேன்.

"பிடிச்சிருக்கு அத்தை."

ஆன்ட்டி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எப்படியோ அத்தை என்று வந்துவிட்டது. வேலூர்க்காரர்களுக்கு அன்று மாமா வேறு ஒரு செய்தி சொன்னார்.

கல்யாணம் ஆனதும் முதல் வேலையாகக் கம்பெனியை மாற்றினேன். ஆறே மாதத்தில் புதிய கம்பெனி எங்கள் தெருமுனை ஜூஸ் கடையில் ஒரு வைஃபை பெட்டி மாட்டியது. நான் கடையைத் தாண்டும்போதெல்லாம் என் போன் இப்போது அதோடு போய் ஒட்டிக்கொள்கிறது. "மறந்துவிடு" பொத்தான் இங்கேயும் இல்லை.

வீட்டில் எனக்கு ஏற்பட்ட நிரந்தர நஷ்டம் வேறு. நான் எதிர்மறையாக எதைச் சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. "சாம்பார்ல உப்பு பத்தல" என்றால் அத்தை கரண்டியை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு, "இரு, மீதி வரட்டும்" என்பார். மாமா கடிகாரத்தைப் பார்ப்பார். என் அப்பா இருந்தால், "லேண்ட்லைன்ல சொல்லும்மா" என்பார். மீதி எதுவும் இல்லை, உப்பு நிஜமாகவே பத்தவில்லை என்று நான் கத்திக் கத்தி எடுபட்டதே இல்லை.

போன மாதம் முரளியோடு நல்ல சண்டை. எதற்கு என்பது இப்போது நினைவில்லை. ஆனால் தப்பு அவர் பக்கம்தான். "உங்களோட இனிமே ஒரு நாள்கூட என்னால குப்பை கொட்ட முடியாது!" என்று கத்திவிட்டு அறைக் கதவை அறைந்து சாத்தினேன். அவர் போய்விட்டிருப்பார் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தேன். கதவுக்கு வெளியே, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"மீதி வரட்டும்னு உக்காந்திருக்கேன். லைன்லதான் இருக்கேன், வெக்கல."

எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. இருந்தாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "ன்னு சொன்னா அது பொய்" என்றேன்.